ஒரிஜினலா, ஃபர்ஸ்ட் காப்பியா? அனிமே ஃபிகர் வாங்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

வாரத்துக்கு ஒருத்தராவது ஒரு போட்டோவ அனுப்பி "இது ஒரிஜினலா ப்ரோ"ன்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி முடியல, அதான் எல்லாத்தையும் சேத்து எழுதிட்டேன். பெரும்பாலும் ஃபிகர், அதாவது ஜப்பான் அனிமே கேரக்டர்களோட சிலை பொம்மைங்க பத்திதான் பேசறேன், ஏன்னா போலி ரொம்ப விளையாடற இடம் அதுதான். டீ-ஷர்ட், மங்கா (ஜப்பான் காமிக்ஸ்), கார்டெல்லாம் பின்னாடி கொஞ்சம் வரும். விலை வர்ற இடத்துல ஒரு யென் சுமாரா 60 பைசான்னு வச்சுக்கோங்க, கொஞ்சம் ஏறும் இறங்கும்.

பூட்லெக், ஃபர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி, ஜிகே... எல்லாம் ஒண்ணுதானா?

முதல் மூணும் ஒண்ணுதான். கம்பெனி போட்ட ஃபிகர் ஒண்ண வாங்கி அதையே அச்செடுத்து அடிச்சா அது பூட்லெக். அதுக்கு "ஃபர்ஸ்ட் காப்பி", "மாஸ்டர் காப்பி", "சைனா வெர்ஷன்", "ஹை குவாலிட்டி இம்போர்ட்டட்"னு பேர் வைக்கறது விக்கிறவர் சாமர்த்தியம், பேருக்கு ஏத்த மாதிரி 300 ரூபா கூடும், பொருள் மாறாது.

ஜிகே கதை வேற. கராஜ் கிட்னு சொல்றதோட சுருக்கம் அது. ஜப்பான்ல சிபா பக்கம் மகுஹாரி மெஸ்ஸேல வருஷத்துக்கு ரெண்டு தடவ ஒண்டர் ஃபெஸ்டிவல் நடக்கும், அங்க தனி ஆளுங்க கையால செஞ்ச பெயிண்ட் அடிக்காத ரெசின் கிட்டுகள விப்பாங்க, அதுக்கு அந்த ஒரு நாளைக்கு மட்டும் உரிமைக்காரங்ககிட்ட லைசென்ஸ் வாங்கிக்கற ஏற்பாடு ரொம்ப காலமா இருக்கு. அதாவது அது முறையான விஷயம். இப்ப ஜிகேன்னு ஆன்லைன்ல ஓடறது பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாத சைனா ஸ்டூடியோக்கள் சொந்தமா டிசைன் பண்ணி விக்கிற பெரிய ரெசின் சிலைங்க. அதுலயும் நம்ம ஊருக்கு 1500 ரூபாய்க்கு வந்து சேர்றது அந்த ரெசின் கூட இல்ல, அந்த சிலைய இன்னொருத்தன் பிளாஸ்டிக்ல காப்பி அடிச்சது. திருடன் வீட்டுலயே திருட்டு. "ஜிகே ப்ரோ, ஒரிஜினல் ஜிகே"ன்னு விக்கிறவர் சொல்றப்ப எதோட ஒரிஜினல்னு ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க, பதில் வராது.

பாக்ஸ்ல மேட் இன் சைனான்னு போட்டிருக்கு. அப்ப ஃபேக்கா?

இல்ல. ஒரிஜினல்லயும் பெரும்பாலானது சைனாலதான் தயாராகுது, குட் ஸ்மைல், ஆல்டர், கோட்டோபுகியா மாதிரி ஜப்பான் கம்பெனிங்களோடதும்தான். பான்பிரெஸ்டோ ஃபிகர்ல வியட்நாம், பிலிப்பைன்ஸ்னு கூட பாப்பீங்க. குட் ஸ்மைலுக்கு ஜப்பான்லயே தொட்டோரி மாகாணத்துல குராயோஷிங்கற ஊர்ல ஒரு ஃபேக்டரி இருக்கு, ஆனா எல்லாமே அங்க வராது. இன்னொண்ணு, ஏபெக்ஸ், மையெதோஸ் மாதிரி சைனா கம்பெனிகளே முறையா லைசென்ஸ் எடுத்து அருமையா பண்றாங்க. பெரிய சிலைகள்ல லக்சம்பர்க்ல இருக்கற ட்சூமே கூட லைசென்ஸ் கம்பெனிதான். அதனால பாக்க வேண்டியது நாடு இல்ல, பாக்ஸ் அடில காப்பிரைட் வரி இருக்கா, உரிமைக்காரர் பேரும் தயாரிச்ச கம்பெனி பேரும் ஒழுங்கா இருக்கா, அதுதான்.

கைல எடுத்துப் பாத்தா எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதல்ல பாக்ஸ். போலி பாக்ஸ் பெரும்பாலும் ஒரிஜினல் பாக்ஸ ஸ்கேன் பண்ணி அடிச்சது, அதனால சின்ன எழுத்தெல்லாம் தடிச்சு மங்கிப் போயிருக்கும், கலர் வெளிறியிருக்கும், சில சமயம் கம்பெனி லோகோ இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியா இருக்கும், சட்டப் பிரச்சன வராதுன்னு நெனப்பு போல. டிராகன் பால், ஒன் பீஸ் மாதிரி டோயே அனிமேஷன் ஐட்டம்னா பெரும்பாலும் ஒரு பூனை மூஞ்சி போட்ட மின்னற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், 1969ல அவங்க எடுத்த படத்துல வந்த பெரோங்கற பூனை அது. ஆனா அந்த ஸ்டிக்கர மட்டும் நம்பாதீங்க, ஸ்டிக்கரையும் அடிக்கறாங்க. பார்கோடும் அப்படித்தான், ஜப்பான் கோடு 45 இல்ல 49ல ஆரம்பிக்கும், அது சரியா இருக்குன்னா பாக்ஸ ஒழுங்கா காப்பி அடிச்சிருக்கான்னு கூட அர்த்தம் ஆகலாம்.

பாக்ஸ விட ஃபிகரே நல்லா பேசும். முகத்துல ஆரம்பிங்க. ஒரிஜினல்ல கண்ணு அச்சு கூர்மையா இருக்கும், விளிம்பு சிதறாது. போலில ரெண்டு கலர் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காராம லேசா தள்ளி நிக்கும், கேரக்டர் எங்க பாக்குதுன்னே தெரியாது. அப்புறம் தோல் கலர். ஒரிஜினல் மேட் ஃபினிஷா இருக்கும், முட்டி, முழங்கை, விரல் இடுக்குல லேசா ஒரு ஷேடு குடுத்திருப்பாங்க. போலில அந்த ஷேடே இருக்காது, எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு நிக்கும். முடி நுனியப் பாருங்க, ஊசி மாதிரி போய் முடியணும், காப்பில மழுங்கி உருண்டு போயிருக்கும், ஏன்னா அச்செடுத்ததுக்கே திரும்ப அச்செடுத்தா நுணுக்கம் கரையத்தான் செய்யும், அளவும் ஒரு பொடி சிறுசாகும். அப்புறம் பெயிண்ட் எல்லைகள், சட்டை காலரும் கழுத்தும் சேர்ற இடம், பெல்ட் ஓரம்.

கடைசியா மாட்டிப் பாருங்க. நெண்டோராய்ட் (பெரிய தலை, குட்டி உடம்பு ஃபிகர்) மாதிரி தலை, கை, முகம் எல்லாம் கழட்டி மாத்தற ஐட்டம்னா போலி அங்கதான் மாட்டும். முகம் மாத்தினா இடைவெளி தெரியும், கை ஓட்டைல போகாது, போனா வராது, இழுத்தா பெக் உள்ளயே உடைஞ்சு நிக்கும். ஸ்டாண்டுல நிக்காம சாயும். பெட்ரோல், ரப்பர் செருப்பு கடை ரெண்டும் கலந்த மாதிரி ஒரு வாடை வந்தா அதையும் கணக்குல எடுத்துக்கோங்க. புதுசா பிரிச்ச ஒரிஜினல்லயும் லேசா பிளாஸ்டிக் வாசம் வரும், அது வேற.

ஒரு விஷயம்: ஒரிஜினல்லயும் சின்ன குறை இருக்கும், அதுவும் விலை குறைஞ்ச பிரைஸ் ஃபிகர்ல (அது என்னன்னு பின்னாடி சொல்றேன்) ஒரு பெயிண்ட் புள்ளி, ஒரு ஜாயின்ட் கோடு சகஜம். ஒரே ஒரு புள்ளிய ஜூம் பண்ணிப் பாத்துட்டு ஃபேக்னு பதற வேண்டாம், நாலஞ்சு அடையாளம் சேந்து வரணும்.

கைல எடுத்துப் பாக்க முடியாது, ஆன்லைன்ல போட்டோ மட்டும்தான் இருக்கு. அப்ப?

விலையப் பாருங்க, பாதி வேலை அங்கயே முடியும். இப்ப வர்ற ஒரு நெண்டோராய்ட் ஜப்பான்லயே 5,000லேர்ந்து 7,000 யென், அதாவது ஷிப்பிங் டேக்ஸ் எதுவும் சேக்காமலே 3,000 ரூபாய்க்கு மேல. அத ஒருத்தர் புதுசா சீல் பிரிக்காம 899க்கு ஃப்ரீ டெலிவரியோட தர்றாருன்னா அவர் தர்மம் பண்றாரா? 1/7 ஸ்கேல் ஃபிகர்னா, அதாவது கேரக்டரோட உயரத்த ஏழுல ஒரு பங்கா சுருக்கிச் செஞ்சதுன்னா, இப்ப 20,000 யென்ன தாண்டறது சாதாரணம், அது 2,500 ரூபாய்க்கு வராது, எந்த ஆடித் தள்ளுபடிலயும் வராது.

ஆனா இதத் திருப்பிப் போட்டா செல்லாது. விலை கூட இருக்குங்கறதால ஒரிஜினல் ஆகிடாது. 600 ரூபா காப்பிய 3,500க்கு விக்கிறவங்கதான் உண்மையான ஆபத்து, ஏன்னா அந்த விலையப் பாத்து நாம சந்தேகப்பட மாட்டோம்.

மைஃபிகர்கலெக்‌ஷன்னு ஒரு தளம் இருக்கு, அங்க அந்த ஃபிகர் பேரப் போட்டா எந்த வருஷம் வந்தது, யார் போட்டது, அன்னைக்கு விலை என்ன, போலி ஓடுதான்னு எச்சரிக்கை எல்லாம் இருக்கும், கலெக்டர்ஸ் எடுத்த போட்டோவும் கிடைக்கும். லீவாய் நெண்டோராய்ட், ரெம், மிக்கு, சேபர் மாதிரி பிரபலமான கேரக்டர்னா போலி இருக்குன்னே நெனச்சுட்டு ஆரம்பிங்க. விக்கிறவர்கிட்ட கம்பெனி ப்ரோமோ போட்டோ வேணாம்னு சொல்லுங்க, அந்தப் படத்தப் பாத்து யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு துண்டுப் பேப்பர்ல உங்க பேரும் தேதியும் எழுதி ஃபிகர் பக்கத்துல வச்சு எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ஸ்டாண்டோட அடிப்பாகம், பாக்ஸோட அடிப்பாகம், முகம் குளோசப். நல்ல ஆளு பத்து நிமிஷத்துல அனுப்பிடுவாரு. "ஸ்டாக் குடோன்ல இருக்கு ப்ரோ, டிரஸ்ட் மீ"ன்னா கெளம்பிடுங்க.

கன்வென்ஷன்ல ஸ்டால் போட்டிருந்தா ஒரிஜினல்னு நம்பலாமா?

நம்ப வேண்டாம். ஸ்டால் வாடகை கட்டினா யாரும் உக்காரலாம், உலகத்துல எந்த ஊர் கன்வென்ஷன்லயும் இந்தப் பிரச்சன உண்டு. நேர்ல போறதுல ஒரே லாபம், மேல சொன்னதெல்லாம் கைல எடுத்துப் பாக்கலாம். கூட்டத்துல அவசரப்படுத்தினா வாங்காதீங்க.

ஒரு பிளாஸ்டிக் பொம்மை ஏன் இவ்ளோ விலை? சும்மா பிராண்ட் பேருக்குத்தானே?

பிராண்ட் காசும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா வேலையும் இருக்கு. முதல்ல மாதிரி செய்யறவர், ஜப்பான்ல கென்கெய்ஷின்னு சொல்வாங்க, அவர் களிமண்லயோ கம்ப்யூட்டர்லயோ மூல உருவத்த செய்வார். அது உரிமைக்காரங்ககிட்ட போகும், அவங்க மூக்கு சரியில்ல, கை இப்படி வராதுன்னு திருப்பி அனுப்புவாங்க, திருத்தி மறுபடி போகும். அப்புறம் பெயிண்ட் அடிச்ச மாதிரி ஒண்ணு, அதுக்கும் அதே சுத்து. அப்புறம்தான் இரும்பு அச்சு, அந்தச் செலவுதான் பெரிய செலவு, எத்தன பீஸ் போடறோமோ அத்தன பீஸ்ல பிரிச்சுத்தான் எடுக்கணும். கடைசில கண்ணு அச்சு, கன்னத்துல ஷேடு, இதெல்லாம் ஃபேக்டரில ஆளுங்க கை வச்சுச் செய்யற வேலை. பிரீ-ஆர்டர் போட்டு ஒரு வருஷம் காத்திருக்கறது இதனாலதான், அதுவும் சொன்ன மாசத்துல வந்தா ஆச்சரியம்.

போலிக்காரனுக்கு இதுல பாதி செலவு கிடையாது. டிசைன் கிடையாது, திருப்பி அனுப்ப ஆள் கிடையாது, லைசென்ஸ் கிடையாது. அவன் மிச்சம் பிடிக்கறதுல பாதி அந்த ஃபிகர் முகத்துல தெரியும்.

ஒரிஜினல் வாங்கினா அந்த அனிமேட்டருக்குப் பணம் போகும்னு சொல்றாங்களே, உண்மையா?

நேரா போகாது. இத நம்ம ஆளுங்க கொஞ்சம் மிகைப்படுத்தறாங்க. பெரும்பாலான அனிமேவ தயாரிப்புக் குழுன்னு ஒரு கூட்டணி போட்டுத்தான் எடுக்கறாங்க, பப்ளிஷர், டிவி, மியூசிக் கம்பெனி, பொம்மை கம்பெனி எல்லாம் பணம் போட்டு உக்காந்திருப்பாங்க, மெர்ச் லைசென்ஸ் காசு அந்தக் குழுவுக்கும் மூலக் கதை எழுதினவருக்கும் போகும். படம் வரைஞ்ச ஸ்டூடியோ அந்தக் குழுவுல பங்கு போட்டிருந்தா கொஞ்சம் கிடைக்கும், இல்லன்னா இல்ல. வரையறவருக்கு ஒரு காட்சித் துண்டுக்கு இவ்ளோன்னு கூலி, உங்க ஃபிகரால அது ஏறாது.

ஆனா அதனால ஒண்ணுமே இல்லன்னும் ஆகாது. எந்தக் கேரக்டர் விக்குதுங்கறதப் பாத்துத்தான் அடுத்த ஃபிகர் யாருக்குன்னு முடிவாகுது. பொம்மை கம்பெனி பண்டாய் நாம்கோ தன்னோட கணக்குலயே டிராகன் பால், கண்டாம், ஒன் பீஸ்னு தனித்தனியா எவ்ளோ வித்துச்சுன்னு வெளியிடறாங்க. போலி வித்தது அந்தக் கணக்குல ஏறாது. உங்களுக்குப் பிடிச்ச சைடு கேரக்டருக்கு ஃபிகரே வரலையேன்னு புலம்பறவங்க இத யோசிக்கலாம்.

என் பட்ஜெட் 2,000, 3,000 ரூபாதான். ஃபேக்க விட்டா எனக்கு வேற வழி இருக்கா?

இருக்கு. நான் இவ்ளோ எழுதறதே இந்த ஒரு பதிலுக்காகத்தான்.

ஜப்பான்ல கேம் சென்டர்ல யுஎஃப்ஓ கேட்சர்னு கிரேன் மெஷின் இருக்கும், நம்ம மால்ல டெடி பேர் எடுக்கறோமே அதே ஐட்டம். அதுக்குள்ள பரிசா வைக்கறதுக்குன்னே பான்பிரெஸ்டோ, சேகா, டைட்டோ, ஃபுரியூ கம்பெனிகள் தனியா ஃபிகர் போடறாங்க, அதுக்குப் பேர்தான் பிரைஸ் ஃபிகர். பரிசோட மதிப்பு சுமாரா 1,000 யென்ன தாண்டக்கூடாதுன்னு அங்க ஒரு கட்டுப்பாடு, அதனால ஆரம்பத்துலேர்ந்தே மலிவா செய்யற மாதிரி டிசைன் பண்றாங்க. பெயிண்ட் சிம்பிளா இருக்கும், ஆனா முழு லைசென்ஸ், உரிமைக்காரர் பாத்து ஓகே பண்ணது. ஜெயிச்சவங்க அத அப்படியே பாக்ஸ் பிரிக்காம கடைல கொண்டுபோய் வித்துடுவாங்க, அது செகண்ட் ஹேண்ட் கடைல 1,000லேர்ந்து 2,500 யென்னுக்குக் கிடைக்கும். பான்பிரெஸ்டோவ வெளிநாட்டுல நேரா கடைலயும் விக்கறாங்க.

இப்ப யோசிங்க. அதே 2,000 ரூபால ஒரு 20,000 யென் ஸ்கேல் ஃபிகரோட அரைகுறை காப்பி ஒண்ணு வாங்கலாம், இல்லன்னா ஒழுங்கா செஞ்ச ஒரிஜினல் பிரைஸ் ஃபிகர் ஒண்ணு வாங்கலாம். ரெண்டையும் ஷெல்ஃப்ல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எது நல்லா இருக்கும்னு கேக்கவே வேண்டாம். போலி எப்பவுமே தன்னால முடியாத ஒண்ண செய்யப் பாக்குது, பிரைஸ் ஃபிகர் முடிஞ்சத மட்டும் செய்யுது. நாளைக்குப் பிடிக்கலன்னா பிரைஸ் ஃபிகர பாதி விலைக்காவது தள்ளிடலாம், போலிய யார்கிட்ட விப்பீங்க?

பிரைஸ் ஃபிகருக்கும் கொஞ்சம் மேல போக முடிஞ்சா குட் ஸ்மைலோட பாப் அப் பரேட் வரிசை இருக்கு, 17, 18 சென்டிமீட்டர் உயரம், ஸ்கேல் ஃபிகர விட ரொம்பக் குறைஞ்ச விலை. இச்சிபன் குஜின்னு லாட்டரி டிக்கெட் ஐட்டங்களும் நல்லா இருக்கும், ஆனா ஏ பரிசு, லாஸ்ட் ஒன் (கடைசி டிக்கெட் எடுத்தவருக்குக் கிடைக்கற) பரிசெல்லாம் கேரக்டரப் பொறுத்து விலை எகிறும்.

எங்க வாங்கறதுன்னா அமிஅமி, மண்டராக்கே, சுருகயா மூணும் ரொம்ப நாளா இருக்கற ஜப்பான் கடைங்க. அமிஅமி செகண்ட் ஹேண்ட்ல ஃபிகருக்கு ஒரு கிரேடு, பாக்ஸுக்கு ஒரு கிரேடுன்னு தனித்தனியா போடுவாங்க, நீங்க பாக்ஸத் தூக்கிப் போடற ஆளுன்னா ஃபிகர் ஏ, பாக்ஸ் பி பாத்து எடுங்க, நல்லா குறையும், அவங்க கிரேடு போடறதுல ரொம்பக் கறார், நம்ம கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. ஜப்பானுக்குள்ள மட்டும் அனுப்பற கடைன்னா பையீ, ஜென்மார்க்கெட் மாதிரி இடைத்தரகர் வழியா எடுக்கலாம், அவங்க குடோன்ல நாலஞ்சு பொருள் சேத்து வச்சு ஒரே பார்சலா அனுப்பினா ஷிப்பிங் பொருளுக்குக் கொஞ்சமா பிரியும். ஒரே ஒரு பிரைஸ் ஃபிகர மட்டும் தனியா வரவழைச்சா ஷிப்பிங் ஃபிகர் விலையத் தாண்டும், அது முட்டாள்தனம், ரெண்டு மூணு பேர் சேந்து ஆர்டர் போடுங்க.

கஸ்டம்ஸ்ல எவ்ளோ போடுவாங்க?

இந்தியாவுல இருக்கறவங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. டாய்ஸ் மேல இறக்குமதி வரி 2020 பட்ஜெட்ல 20லேர்ந்து 60 சதவீதமாச்சு, 2023ல 70 ஆச்சு. 2021 ஜனவரிலேர்ந்து 14 வயசுக்குக் கீழ உள்ள பசங்க விளையாடற டாய்ஸுக்கு பிஐஎஸ் தர முத்திரை கட்டாயம். நம்ம ஃபிகர் பாக்ஸ்ல 15 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கும், ஆனா அத டாயா எடுத்துக்கறதா, பிளாஸ்டிக் சிலையா எடுத்துக்கறதா, சொந்த உபயோகப் பொருளா எடுத்துக்கறதாங்கறது அங்க மதிப்பு போடறவர் கைல இருக்கு, அதுக்கேத்த மாதிரி ரேட்டும் மாறும். கூரியர்ல வந்தா கம்பெனிக்காரங்க தனியா ஒரு ஹேண்ட்லிங் சார்ஜும் சேப்பாங்க. நான் சொல்றது, பொருள் விலையோட பாதிய ஒதுக்கி வச்சுட்டு ஆர்டர் போடுங்க, கம்மியா வந்தா சந்தோஷம். விலையக் குறைச்சுப் போடச் சொல்லி விக்கிறவர்கிட்ட கேக்காதீங்க, மாட்டினா பார்சலே நின்னுடும்.

சிங்கப்பூர் ஆளுங்களுக்கு இந்தக் கவலை கம்மி, 9 சதவீத ஜிஎஸ்டி, 2023லேர்ந்து சின்ன பார்சலுக்கும் ஜிஎஸ்டி உண்டு. மலேசியாவுல 500 ரிங்கிட்டுக்கு உள்பட்ட ஆன்லைன் பொருளுக்கு 2024லேர்ந்து 10 சதவீதம்.

ஃபேக் வாங்கினா சட்டப்படி குத்தமா?

இந்தியாவுல ஒரு பீஸ் சொந்தத்துக்கு வாங்கி வீட்ல வச்சிருந்தா உங்கள யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. விக்கிறவருக்குத்தான் சிக்கல், 1999 டிரேட் மார்க்ஸ் சட்டப்படி போலி முத்திரையோட விக்கறதுக்கு 6 மாசத்துலேர்ந்து 3 வருஷம் ஜெயில், 50,000லேர்ந்து 2 லட்சம் அபராதம். பல்க்கா இறக்கி இன்ஸ்டால பேஜ் வச்சு விக்கலாமான்னு யோசிக்கற தம்பிங்க இத ரெண்டு தடவ படிங்க.

ஜப்பான்ல இன்னும் கறார். 2022 அக்டோபர் 1லேர்ந்து வெளிநாட்டு வியாபாரிங்க அனுப்பற போலிய, வாங்கினவர் சொந்த உபயோகம்னு சொன்னாலும் கஸ்டம்ஸ்ல பிடிச்சு வச்சுக்கலாம். அங்க படிக்கப் போன, வேலைக்குப் போன நம்மாளுங்க சைனா சைட்லேர்ந்து சும்மா ஆர்டர் போட்டுடாதீங்க.

ஃபேக் ஃபிகர்ல விஷம் இருக்காமே? வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க.

"விஷம்"னு ஒட்டுமொத்தமா பயமுறுத்த மாட்டேன். ஒரிஜினலும் பிவிசி, ஏபிஎஸ் பிளாஸ்டிக்தான். வித்தியாசம் என்னன்னா ஒரிஜினலுக்குப் பின்னாடி பேரோட ஒரு கம்பெனி நிக்குது, எந்த பெயிண்ட், பிவிசிய மிருதுவாக்க என்ன கலந்தோம்னு பதில் சொல்ல ஆள் இருக்கு. போலில அடிச்சிருக்கற பெயிண்ட் என்னன்னு யாருக்குமே தெரியாது. வாயில வைக்கற வயசுப் புள்ள இருக்கற வீட்ல போலி வேண்டவே வேண்டாம், ஒரிஜினலும் கைக்கெட்டற உயரத்துல வேண்டாம், அது விளையாட்டு சாமானே இல்ல, கூரா இருக்கும், உடைஞ்சா தொண்டைல மாட்டும்.

என் ஃபிகர் பிசுபிசுன்னு ஒட்டுது. ஃபேக்கா?

கண்டிப்பா அப்படி இல்ல. பிவிசில கலக்கற மிருதுவாக்கி நாள்பட மேல வந்து கசியும், ஒரிஜினல்லயும் நடக்கும், பாக்ஸ்லயே மூடி பரண்ல போட்டு வச்சா நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம் நடக்கும். வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு மெதுவா கழுவி நிழல்ல காய விடுங்க, தின்னர், ஸ்பிரிட் பக்கமே போகாதீங்க. காத்தாட வச்சா திரும்ப வர நாளாகும். கால் வளைஞ்சு சாஞ்சிருந்தா அந்த இடத்த மட்டும் சுடுதண்ணில காட்டி நிமித்திப் பிடிச்சு உடனே பச்சத் தண்ணில வையுங்க.

ஏற்கனவே என்கிட்ட நாலு ஃபேக் இருக்கு. தூக்கிப் போடணுமா?

எதுக்கு? காசு போயாச்சு, பிடிச்சிருந்தா வச்சுக்கோங்க. சில பேர் அத எடுத்துப் பெயிண்ட் பண்ணக் கத்துக்கறாங்க, கண்ணு வரையப் பழகறாங்க, நல்ல உபயோகம். செய்யக்கூடாதது ஒண்ணுதான், "ஒரிஜினல், கண்டிஷன் நல்லா இருக்கு"ன்னு இன்னொரு பையன் தலைல கட்டறது. ஏமாந்தவங்க அதே மாதிரி அடுத்தவங்கள ஏமாத்தித்தான் இந்தச் சங்கிலி இவ்ளோ நீளமா ஓடுது.

அதே மாதிரி யாராச்சும் சந்தோஷமா ஷெல்ஃப் போட்டோ போட்டா கேக்காமலே போய் "அது ஃபேக் ப்ரோ"ன்னு கமென்ட் போடற பழக்கத்த விடுங்க. பதிமூணு வயசுப் பையன் பாக்கெட் மணில வாங்கினது அது. கேட்டா சொல்லுங்க.

ஒரிஜினல்னு சொல்லி ஃபேக் அனுப்பிட்டாங்க. பணம் திரும்ப வருமா?

பிரிக்கறதுக்கு முன்னாடியே வீடியோ ஓட விட்டு, பார்சல் லேபிள்லேர்ந்து ஆரம்பிச்சு ஒரே ஷாட்ல பிரிச்சிருந்தா வர வாய்ப்பு நல்லா இருக்கு. ரிட்டர்ன் தேதிக்குள்ள ஆப்ல கம்ப்ளெய்ன்ட் போடுங்க, "குவாலிட்டி சரியில்ல"ன்னு மொட்டையா போடாம "போலிப் பொருள்"னு போடுங்க, ஒரிஜினலோட ஒப்பிட்டு ரெண்டு போட்டோ சேருங்க. 2020ல வந்த இ-காமர்ஸ் விதிப்படி போலிப் பொருள விக்கிறவர் திருப்பி எடுத்துக்க மறுக்க முடியாது. அசையலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. இன்ஸ்டா பேஜுக்கு ஜிபேல அனுப்பின காசுன்னா... உண்மையச் சொன்னா கஷ்டம்தான். முன்பின் தெரியாதவங்களுக்கு முழுப் பணத்த முன்னாடியே அனுப்பாதீங்க.

டீ-ஷர்ட், கீ செயின், போஸ்டர்லயும் இவ்ளோ பாக்கணுமா?

எனக்கு இதுல கொஞ்சம் வேற கருத்து. ஃபிகர்ல போலின்னா பொருளே மட்டம். டீ-ஷர்ட்ல அப்படி இல்ல, லைசென்ஸ் இல்லாத சட்டையோட துணியும் தையலும் லைசென்ஸ் சட்டைய விட நல்லா இருக்கலாம். அங்க நீங்க இழக்கறது தரம் இல்ல, உரிமைக்காரருக்குப் போக வேண்டிய காசு மட்டும்தான், அது உங்க மனசாட்சி கணக்கு. யூனிக்லோ யூடி மாதிரி லைசென்ஸ் சட்டையும் கிடைக்குது.

போகிமான் கார்டு மட்டும் தனி. பெட்டிக்கடைல தொங்கற தங்கக் கலர் பாக்கெட் அத்தனையும் போலி, பசங்க விளையாடட்டும், ஆனா சேத்து வச்சா நாளைக்கு லட்சம் போகும்னு நெனச்சு பத்திரமா வைக்காதீங்க.

ரசிகர்கள் வரைஞ்சு விக்கிற ஸ்டிக்கர், பிரிண்ட் கூட பூட்லெக்கா?

அதுவும் லைசென்ஸ் இல்லாததுதான், ஆனா ஒருத்தர் தன் கையால வரைஞ்சது, கம்பெனி பொருள்னு பொய் சொல்லல. ஜப்பான்லயே 1975லேர்ந்து காமிக்கெட்னு ஒரு விற்பனைத் திருவிழா நடக்குது, அங்க விக்கறதுல பெரும்பகுதி ரசிகர்கள் செஞ்சது, கம்பெனிங்க பெரும்பாலும் கண்டும் காணாம விட்டுடறாங்க. 2018 கடைசில காப்பிரைட் சட்டத்த இறுக்கினப்ப கூட இந்த மாதிரி ரசிகர் படைப்பு மாட்டிக்காத மாதிரிதான் வரையறுத்தாங்க. நான் இத வாங்குவேன். இன்னொரு ஆர்ட்டிஸ்ட் படத்த பின்ட்ரெஸ்ட்ல எடுத்து ஸ்டிக்கரா அடிச்சு விக்கறவங்ககிட்ட வாங்க மாட்டேன்.

மங்காவும் ஃபேக் வருதா?

வருது, நிறைய. இங்கிலீஷ்ல மங்கா போடற விஸ் மீடியா புத்தகங்கள இங்க சைமன் அண்ட் ஷூஸ்டர் இந்தியா கொண்டு வர்றாங்க, இந்திய விலை அமெரிக்க விலைய விடக் குறைச்சல்தான். அப்படியும் செட்டு 1,500 ரூபான்னு போலி ஓடுது. பேப்பர் வெள்ளை வெளேர்னு ஜெராக்ஸ் மாதிரி இருக்கும், கருப்பு சாம்பலா தெரியும், நடு மடிப்புல வசனம் உள்ள போய் மாட்டியிருக்கும், ரெண்டு தடவ புரட்டினா பக்கம் கையோட வரும். மங்காவுக்கு போலி வாங்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியல, மாசம் ஒரு வால்யூம் ஒரிஜினல் வாங்கினா போச்சு.

பிரீ-ஆர்டர விட்டுட்டேன், இப்ப செகண்ட் ஹேண்ட்ல மூணு மடங்கு விலை. இதுக்கு மட்டுமாவது ஃபேக் வாங்கலாமா?

இந்த நெலமைலதான் நல்ல நல்ல ஆளே வழுக்கி விழறாங்க. பொறுங்க. நெண்டோராய்ட், ஃபிக்மா (கை கால் மடங்கற ஃபிகர் வரிசை) ரெண்டுலயும் பிரபலமான கேரக்டருக்கு மறு வெளியீடு அடிக்கடி வரும், அனிமேக்கு அடுத்த சீசன் இல்ல படம் அறிவிச்சா வாய்ப்பு இன்னும் கூடும். அறிவிப்பு வந்த அன்னைக்கே செகண்ட் ஹேண்ட் விலை சரியும், மூணு மடங்குக்கு வாங்கி வச்சவங்க அன்னைக்குப் பதறி விப்பாங்க. மைஃபிகர்கலெக்‌ஷன்ல விஷ் லிஸ்ட்ல போட்டு வைங்க, அமிஅமில அதே ஃபிகர் பேர அப்பப்ப தேடுங்க, பாக்ஸ் நசுங்கின பீஸ் ஒண்ணு எப்பவாச்சும் தலை காட்டும். ஸ்கேல் ஃபிகருக்கு மறு வெளியீடு கொஞ்சம் அரிது, அதுக்கு அதே கேரக்டரோட பிரைஸ் ஃபிகர் வந்திருக்கான்னு பாருங்க, ஒன் பீஸ், டிராகன் பால், டீமன் ஸ்லேயர்னா பத்துக்கு மேல வந்திருக்கும்.